கண்ணீர்க் கடன்

1879-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் சீனாவில் இரண்டு நண்பர்கள் ஒரு நாவலைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். ஒருவர் ஸோ தாவ், ஜியாங்சு மாகாணத்து எழுத்தாளர். மற்றவர் ஷூ போச்சியென். டாய்யூ, பாவ்ச்சாய் என்று நாவலில் வரும் இரண்டு பெண்களில் யார் உயர்ந்தவள், நாயகனுக்கு யார் ஏற்றவள் என்பது பேச்சு. ஸோ தாவ் டாய்யூ பக்கம், நண்பர் பாவ்ச்சாய் பக்கம். வார்த்தை தடித்தது, கை ஓங்குகிற அளவுக்குப் போய்விட்டது. கூட இருந்த மூன்றாவது நண்பர் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார். இனி இந்த நாவலைப் பற்றி நமக்குள் பேச்சே கூடாது என்று இருவரும் சபதம் எடுத்துக்கொண்டார்கள். இலையுதிர் காலத்தில் அரசுத் தேர்வு எழுத ஒரே படகில் போக நேர்ந்தது. அப்போது ஒருவரையொருவர் பிடிவாதக்காரர் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். யாரும் கட்சி மாறியதாக எழுதி வைக்கவில்லை.

இதை எழுதி வைத்தவர் ஸோ தாவ்தான், தன்னுடைய குறிப்பு நூலில். என் தேடலுக்கு அந்தச் சிறு பத்திதான் தொடக்கம்.

கதாபாத்திரங்களை ஜோடி சேர்த்து, அந்த ஜோடிக்காக மல்லுக்கு நிற்கும் வாசகர்களைப் பற்றி நான் குறிப்புகள் சேர்த்துவந்தேன். இன்றைய ரசிகர்கள் இதை 'ஷிப்பிங்' என்கிறார்கள். 1990-களில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களிடமிருந்து பரவிய சொல் அது. சீன இளைஞர்கள் 'சி.பி.' என்பார்கள், தனக்குப் பிடித்த ஜோடியை ரசிப்பதற்கு, விதையைப் பல்லில் வைத்துக் கொறிப்பதைக் குறிக்கும் சொல்லைப் போடுவார்கள். சொல் புதிது, பழக்கம் எவ்வளவு பழையது? மாய உலகமும் காதலும் கலந்த கதை ஒன்றுக்காக வாசகர்கள் கட்சி கட்டியதற்குத் தேதியோடு சான்று எங்கே கிடைக்கும்? இதுதான் என் கேள்வி.

முதல் வேலை தேதியைச் சரிபார்ப்பது. ஸோ தாவ் தருவது 'ஜி மாவ்' என்ற ஆண்டுப் பெயர். நம்முடைய பிரபவ, விபவ போலச் சீனர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876-ஆ 1936-ஆ என்று தெரியாதவர் குழம்புவது போல, 'ஜி மாவ்' என்றால் 1819-ஆகவும் இருக்கலாம், 1879-ஆகவும் இருக்கலாம். தேர்வை வைத்துத் தீர்க்கலாமா என்றால் முடியாது. இரண்டு ஆண்டுகளுமே மாகாணத் தேர்வு நடக்கும் ஆண்டுகள். பிறந்த ஆண்டுதான் கைகொடுத்தது. ஸோ தாவ் பிறந்தது 1850-இல். ஆகவே 1879.

அந்த நாவல் 'ஹோங்லௌ மெங்', தமிழில் 'செம்மாடக் கனவு' என்று சொல்லலாம். எழுதியவர் சாவ் ஷுவேச்சின். அவர் 1760-களின் தொடக்கத்தில் இறந்தபோது எண்பது அத்தியாயங்கள் கையெழுத்துப் பிரதிகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கோயில் சந்தைகளில் ஒரு பிரதிக்குப் பல பத்து வெள்ளிக் காசுகள் கொடுத்து வாங்கினார்கள். 1791-இல் செங் வெய்யுவான், காவ் ஏ என்ற இருவர் நூற்றிருபது அத்தியாயங்களாக முடித்து, மர அச்செழுத்துகளில் கோத்து அச்சிட்டார்கள். வாசகர் கூட்டம் பெருகியது அப்போதுதான்.

கதையின் வேர் வானுலகத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு சிவப்பு முத்துச் செடி. வானுலகச் சேவகன் ஒருவன் நாள்தோறும் அதற்குப் பனிநீர் ஊற்றுகிறான். செடி பெண்ணுருப் பெறுகிறது. அவன் மண்ணில் பிறக்கப் போகிறான் என்று தெரிந்ததும், தானும் பிறந்து, வாழ்நாள் முழுவதும் அழுது, அவன் ஊற்றிய நீரைக் கண்ணீராகத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொள்கிறாள். அவன் பாவ்யூவாகப் பிறக்கிறான், வாயில் ஒரு பச்சைமணிக் கல்லோடு. அவள் டாய்யூவாகப் பிறக்கிறாள். தாயற்றவள், நோயாளி, கவிஞர். மூன்றாவதாக பாவ்ச்சாய். நிதானமானவள், வீட்டுக்கு ஏற்ற பெண். அவள் கழுத்துத் தங்கப் பதக்கத்தில் இருக்கும் எழுத்து பாவ்யூவின் கல்லில் இருக்கும் எழுத்துக்கு எதிரடி போல அமைந்திருக்கிறது. மரத்துக்கும் கல்லுக்கும் உள்ள பழைய உறவு ஒருபக்கம், தங்கத்துக்கும் மணிக்கும் உள்ள பொருத்தம் மறுபக்கம். ஜோடிகளுக்குப் பெயர் வைப்பதை வாசகருக்கு விட்டுவைக்காமல் நாவலே செய்துவிட்டது. பெயரைப் பிரித்துப் பாருங்கள். பாவ்யூவின் 'பாவ்' பாவ்ச்சாயிடம் இருக்கிறது, 'யூ' டாய்யூவிடம் இருக்கிறது. நாயகன் பெயரையே இரண்டு பெண்களுக்கும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுவிட்டார் ஆசிரியர். இந்தப் பாகப்பிரிவினையை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அச்சான பதிப்பில் பெரியவர்கள் டாய்யூவைத்தான் கட்டிவைக்கிறோம் என்று பாவ்யூவை நம்பவைத்து, முக்காட்டுக்குள் பாவ்ச்சாயை உட்காரவைக்கிறார்கள். மேளச் சத்தம் கேட்கும் அந்த நேரத்தில், தன் கவிதைகளை நெருப்பில் போட்டுவிட்டு, டாய்யூ உயிரை விடுகிறாள். வாசகர்களால் இதைத் தாங்க முடியவில்லை. ஹாங்ஜோவில் ஒரு வியாபாரியின் மகள் நாவலைப் படித்துப் படித்துப் படுக்கையில் விழுந்ததாகவும், பெற்றோர் புத்தகத்தை அடுப்பில் போட்டபோது, என் பாவ்யூவை எரித்துக் கொன்றுவிட்டீர்களே என்று அலறி இறந்ததாகவும் சென் சீயுவான் என்ற எழுத்தாளர் பதிந்திருக்கிறார். நடந்ததோ, காதுவழி வந்ததோ, அந்த நூற்றாண்டு இதை நம்பியது.

மற்றவர்கள் பேனாவை எடுத்தார்கள். அந்தத் தொடர்ச்சி நாவல்களை வரிசையாக எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். அச்சு வந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள் முதல் தொடர்ச்சி வந்துவிட்டது. அதில் டாய்யூ உயிர்த்தெழுகிறாள். அநாதையாக இருந்ததால்தானே அவளை ஏமாற்றினார்கள் என்று நினைத்திருப்பார் போல. செல்வந்தனான ஓர் அண்ணனையும் உண்டாக்கி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார் ஆசிரியர். 1799-இல் சின் ஸூசென் என்ற படை அதிகாரி, மண்ணில் முடியாத கல்யாணத்தை விண்ணில் முடித்துவைத்தார். இன்னொருவர் பாவ்யூவை பாவ்ச்சாயின் மகனாகவும், டாய்யூவை வேறொருத்தியின் மகளாகவும் மறுபிறவி எடுக்கவைத்து மாலை மாற்றவைத்தார். 1819-இல் வந்த ஒரு தொடர்ச்சிக்கு முடிவுவரை காத்திருக்கவே பொறுமை இல்லை. 97-ஆம் அத்தியாயத்திலேயே கதையை அறுத்துக்கொண்டு, அங்கிருந்து தன் வழியில் போகிறது.

இன்றைக்கு ரசிகர்கள் எழுதும் கதைகளில் என்னென்ன வகை உண்டோ, எல்லாம் இங்கே இருக்கின்றன: இறந்தவளை எழுப்புவது, வேறு உலகத்தில் சேர்ப்பது, அடுத்த தலைமுறையில் சேர்ப்பது, பிடிக்காத அத்தியாயத்தை இல்லை என்று ஆக்குவது. இவற்றை ஒதுக்கித் தள்ளிவிடும் இலக்கிய விமரிசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூலநூலின் நுட்பம் இவற்றில் இல்லைதான். ஆனாலும் ஒவ்வொன்றின் அடியிலும் உண்மையான துக்கம் ஒன்று கிடக்கிறது. அந்தப் பெண்ணை அப்படிச் சாகவிட்டிருக்கக் கூடாது என்று முன்பின் தெரியாத இத்தனை பேர் ராக்கண் விழித்து எழுதியிருக்கிறார்கள்.

பட்டியலில் எவர் எந்த ஜோடியைச் சேர்த்தார் என்று குறித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கம் வந்தபோது ஒரு புத்தகம் எதிலும் அடங்காமல் நின்றது.

'ஹோங்லௌ மெங் யிங்', அதாவது செம்மாடக் கனவின் நிழல். இருபத்துநான்கு அத்தியாயங்கள். 1877-இல் பெய்ஜிங்கில் ஜுஜென்தாங் என்ற அச்சகம் அச்செழுத்துக் கோத்து வெளியிட்டது. அந்த நண்பர்களின் சண்டைக்கு இரண்டே ஆண்டு முந்தையது. இதில் டாய்யூ எழவில்லை. துறவியாகப் போன பாவ்யூவைத் தகப்பன் வீட்டுக்குக் கூட்டிவருகிறார். பாவ்ச்சாய் பிள்ளை பெறுகிறாள். இழந்த பதவியும் மரியாதையும் குடும்பத்துக்குத் திரும்புகின்றன. விருந்து, கவிதை, குழந்தை வளர்ப்பு, பருவம் மாறுவது என்று நாட்கள் போகின்றன. டாய்யூவின் இடம் காலியாகவே இருக்கிறது.

எண்பது ஆண்டுகளாக ஊரே செத்தவளை எழுப்பிக்கொண்டிருந்தபோது, எழுப்ப மாட்டேன் என்று சொன்னவர் யார்? பாவ்ச்சாய் கட்சிக்காரராக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். முன்னுரை அந்த எண்ணத்தை உடைத்தது. 1861 தேதியிட்ட அந்த முன்னுரையின் வாதம் இது: சிவப்பு முத்துச் செடி நேர்ந்துகொண்டது கண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதாகத்தான், கூடி வாழ்வதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. கடன் தீர்ந்தது, அவள் வானுலகுக்குப் போனாள். அவள் அழகையும் அறிவையும் நினைத்து மனம் பொறுக்காத வாசகர்கள் ஆளுக்கொரு தொடர்ச்சி எழுதி, மண்ணுலகச் செல்வத்தை அவள் தலையில் கட்டினார்கள். இறந்தவளை எழுப்பியும் தெளிந்தவளைக் கலக்கியும் விட்டார்கள்.

டாய்யூவை இவ்வளவு உயரத்தில் வைத்தவர் எதிர்க் கட்சிக்காரராக இருக்க முடியாது. அவளை நேசித்ததால்தான் எழுப்ப மறுக்கிறார். ஜோடிச் சண்டைக்கு உள்ளேயிருந்தே அந்தச் சண்டையை மறுக்கும் குரல், 1861-இலேயே, முழு வாதமாக! இதை எழுதியவரைக் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது என்று தோன்றியது.

புத்தகத்தில் இருந்தவை இரண்டு புனைபெயர்கள் மட்டுமே. ஆசிரியர் யுன்ச்சா வாய்ஷி. மேகத் தெப்பத்தில் வரும், அரசவை சாராத வரலாற்றாளர் என்று பொருள் சொல்லலாம். முன்னுரைகாரர் ஷீஹு சான்ரென், மேற்கு ஏரியின் சோம்பேறி மனிதர். இரண்டுமே படித்த ஆண்கள் வைத்துக்கொள்ளும் தினுசான பெயர்கள். நானும் இரண்டு ஆண்கள் என்றே குறித்துவைத்தேன். என் குறிப்பேட்டில் அந்த வரி அடித்துத் திருத்தியபடி இன்னும் இருக்கிறது.

விடையை எனக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்திருந்தார். 1989-இல் ஜாவ் போதாவ் என்ற அறிஞர் செம்மாடக் கனவு ஆய்விதழில் எழுதிய கட்டுரை, ஆசிரியரைப் பெயர் சொல்லிக் காட்டியது. பிறகு எலன் விட்மர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2006-இல் வந்த தன் நூலில், சீனப் பெண்களும் நாவலும் என்ற பெரிய கதைக்குள் இதைப் பொருத்தினார். நான் செய்தது அவர்கள் போன தடத்தில் கால் வைத்து நடந்து பார்த்ததுதான். ஆனாலும் ஒரு முடிவைக் கட்டுரையில் படிப்பது வேறு, அது கிடைத்த வரியில் கண் படுவது வேறு.

அந்த வரி நாவல்களுக்கிடையில் இல்லை. ஓர் இரங்கல் கவிதையின் இடையில் இருந்தது. 'தியென்யோகே ஜி' என்பது கு தைச்சிங் என்ற கவிஞரின் கவிதைத் தொகுப்பு. மஞ்சுப் பரம்பரையைச் சேர்ந்த இந்தப் பெண், சிங் பேரரசுக் காலத்துச் சீனப் பெண் கவிஞர்களில் முதல் வரிசையில் வைக்கப்படுகிறவர். சீனாவில் அச்சான பழைய பதிப்புகள் முழுமையற்றவை. அவர் முதுமையில் எழுதியவை அவற்றில் இல்லை. முழுமையான கையெழுத்துப் பிரதி கடல் கடந்து ஜப்பானுக்குப் போயிருந்தது. சீனவியல் அறிஞர் நைத்தோ கோனனின் நூல்களோடு சேர்ந்து, கடைசியில் ஒசாகாவில் 'கியோ-உ ஷோஓக்கு' என்ற நூலகத்துக்கு வந்தது. 'கியோ-உ' என்றால் வாதுமைப் பழ மரத்து மழை என்று பொருள். மருந்து நிறுவனம் ஒன்றின் அறக்கட்டளை நடத்தும், பழைய மருத்துவ நூல்களுக்குப் பேர்போன நூலகம் அது. ஒரு நாவலாசிரியரின் பெயர் மருந்துச் சுவடிகளுக்குப் பக்கத்தில் யாரும் தேடாமல் இருந்தது.

கு தைச்சிங்கின் கவிதைகளும் அவர் கணவர் யீஹுய்யின் கவிதைகளும் சேர்ந்த பதிப்பு 1998-இல் ஷாங்ஹாயில் வந்தது. நான் படித்தது அதில்தான். கவிதை பெரிய எழுத்திலும், கவிஞரே தரும் விளக்கம் வரிகளுக்கு நடுவே சின்ன எழுத்திலும் வருவது சீன மரபு. கவிதையைப் படிக்கிறவர்கள் சின்ன எழுத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். துப்பு அங்கேதான் இருந்தது. 1862-இல் இறந்த தோழி ஷென் ஷான்பாவ்வுக்காக எழுதிய இரங்கல் கவிதையில், தைச்சிங் சொல்கிறார்: தற்செயலாகச் செம்மாடக் கனவுக்குச் சில அத்தியாயங்கள் தொடர்ச்சி எழுதினேன், பெயர் 'நிழல்' என்று வைத்தேன், தோழி அதற்கு முன்னுரை எழுதினாள். எழுதி முடிக்கும்வரை அவளுக்குப் பொறுக்காது, பாதியிலேயே வாங்கிப் படித்துவிடுவாள். நான் சோம்பல்படுகிறேன் என்று கடிந்துகொள்வாள். அக்கா, உனக்கு எழுபது நெருங்குகிறது, சீக்கிரம் முடிக்காவிட்டால் இந்தப் புத்தகம் முடியவே முடியாது என்று கேலி செய்வாள்.

இரண்டு முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்ந்தன. ஷென் ஷான்பாவ்வின் ஊர் ஹாங்ஜோ. மேற்கு ஏரி அங்கேதான் இருக்கிறது. பெண் கவிஞர்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதியவர் அவர். தைச்சிங்கும் அவரும் இன்னும் சில பெண்களும் 1839-இல் பெய்ஜிங்கில் ஒரு கவிதைக் கழகம் வைத்தார்கள். இலையுதிர் காலத்துச் சிவப்பு என்று அதற்குப் பெயர். நாவலுக்குள்ளும் தோட்டத்துப் பெண்கள் கவிதைக் கழகம் நடத்துவார்கள். இவர்கள் படித்ததை வாழ்ந்தே பார்த்துவிட்டார்கள். அடுத்த அத்தியாயம் எங்கே என்று நச்சரிக்கும் முதல் வாசகரையும், பதுங்கிப் பதுங்கி எழுதும் ஆசிரியரையும் எந்தக் காலத்து ரசிகர் கூட்டமும் அடையாளம் கண்டுகொள்ளும். அவர்கள் அறுபதைத் தாண்டிய ஒரு விதவையும், ஐம்பதைத் தாண்டிய ஓர் அதிகாரியின் மனைவியும்.

பாவ்ச்சாயின் வீட்டைத் தைச்சிங் ஏன் அவ்வளவு நிதானமாக எழுதினார் என்பதற்கு, அவர் வாழ்க்கையைப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. பிறந்தது 1799. தாத்தா ஓச்சாங், ஒரு கவிதை வழக்கில் சிக்கி 1755-இல் பேரரசர் ஆணையால் உயிர்விட வேண்டி வந்தவர்; குடும்பம் அதோடு சரிந்தது. குற்றவாளி வம்சத்துப் பெண் என்பதால், தைச்சிங் வேறு குடும்பப் பெயரோடுதான் சியென்லோங் பேரரசரின் கொள்ளுப்பேரன் யீஹுய்க்கு இளைய மனைவியாகப் போனார். மூத்தவர் 1830-இல் இறந்த பிறகு யீஹுய் வேறு யாரையும் கட்டவில்லை. இருவரும் தங்கள் புனைபெயர்களையே பொருத்தம் பார்த்து வைத்துக்கொண்டார்கள், அவர் தைசூ, இவர் தைச்சிங் என்று. அவருடைய பாடல் தொகுதிக்குத் தெற்குப் பள்ளத்தாக்கின் விறகுவெட்டிப் பாட்டு என்று பெயர் என்றால், இவருடையதற்குக் கிழக்குக் கடலின் மீனவப் பாட்டு. ஒன்றைப் படித்தால் மற்றதைத் தேடத் தோன்றும்படி வைத்த பெயர்கள்.

1838-இல் யீஹுய் இறந்தார். மூன்று மாதம் கழித்து மாமியார் உத்தரவு வந்தது. இரண்டு மகன்களையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு மாளிகையை விட்டு வெளியேற வேண்டும். போக இடமில்லை. பொன்னால் செய்த ஃபீனிக்ஸ் பறவைக் கொண்டை ஊசியை விற்று ஒரு வீடு வாங்கினார். இதைத் தன் கவிதை ஒன்றின் நீண்ட தலைப்பிலேயே, கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போல எழுதியிருக்கிறார்.

பொன் கொண்டை ஊசி. பாவ்ச்சாய் பெயரில் வரும் 'ச்சாய்' என்ற எழுத்துக்குக் கொண்டை ஊசி என்றே பொருள். ஊசியை விற்று வீடு வாங்கியவர், ஊசியின் பெயர் கொண்ட பெண்ணுக்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு வாக்கியம் என் கையில் தயாராக வந்து நின்றது. இதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். 1857-இல் மூத்த மனைவியின் மகன் வாரிசில்லாமல் இறக்க, தைச்சிங்கின் பேரன் பட்டத்துக்கு வந்ததும், அவர் மதிப்போடு குடும்பத்துக்குள் திரும்பினார் என்பது மட்டும் பதிவில் இருப்பது. வெளியே போனவர்கள் வீடு திரும்பும் நாவலுக்கு அவர் தோழி முன்னுரை எழுதியது அதற்கு நான்கு ஆண்டுக்குப் பிறகு. அதற்கு மேல் இழுத்தால், நானும் ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிட்டேன் என்று பொருள்.

அந்த ஆசை என்ன செய்யும் என்பதற்கு இதே தைச்சிங்கின் பெயரைச் சுற்றி ஒரு வழக்கு இருக்கிறது. கோங் ஸூஜென் அந்தக் காலத்தின் பெரிய கவிஞர்களில் ஒருவர். 1839-இல் பெய்ஜிங்கை விட்டுப் போகும்போது முந்நூற்றுப் பதினைந்து சிறு கவிதைகள் எழுதினார். அவற்றில் ஒன்றுக்கு, நகர வாயிலுக்குள்ளே தைப்பிங் ஏரிக்கரையில் பூத்த லைலாக் மலர்களை நினைத்து எழுதியது என்று குறிப்புப் போட்டார். யீஹுய்யின் மாளிகை இருந்தது தைப்பிங் ஏரிக்கரையில். போதாதா? மாளிகையில் ஓர் அழகான பெண் கவிஞர், வெளியே ஊரை விட்டுப் போகும் ஒரு கவிஞர். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு விழுந்தது. தைச்சிங்கின் கவிதைகளைத் தேடிப் பதிப்பித்த மாவ் குவாங்ஷெங்கே இந்தப் பேச்சைத் தன் கவிதைகளில் சாடையாகத் தொட்டார். செங் பூ தன்னுடைய 'நியேஹாய் ஹுவா' நாவலில் இதை முழுக் காதல் கதையாகவே ஆக்கிவிட்டார். லைலாக் வழக்கு என்று இதற்குப் பெயரே உண்டு.

வழக்கை எடுத்து வாதாடியவர் மெங் சென் என்ற வரலாற்றாசிரியர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவர் செய்தது எளிய வேலை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கவிதை 1839-இல் எழுதியது. தைச்சிங் 1838-லேயே ஏரிக்கரை மாளிகையை விட்டு வெளியேற்றப்பட்டுவிட்டார். பூவுக்குக் குறிப்பு இருக்கிறது, பெண்ணுக்கு இல்லை. எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது வாதத்தின் கூர்மையைவிட அதன் கரிசனம். இறந்து பல பத்தாண்டுகள் ஆன ஒரு விதவைக்காக ஒரு வரலாற்றாசிரியர் நாட்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்.

டாய்யூவை எழுப்புவதிலும் தைச்சிங்கைக் கோங் ஸூஜென்னோடு சேர்ப்பதிலும் வேலை செய்வது ஒரே கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவதில் யாருக்கும் காயம் இல்லை. டாய்யூ எத்தனை முறை எழுந்து கல்யாணம் செய்துகொண்டாலும் மூலநூலில் அவள் கவிதைகள் எரிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டாவதில், கணவன் பாட்டுக்கு எதிர்ப்பாட்டாகத் தன் பாட்டுக்குப் பெயர் வைத்த ஒரு பெண், பூச்செடி ஒன்றின் பேரால் வேறொருவருக்கு எழுதிவைக்கப்பட்டார். நாவலில் வருகிறவளுக்குக்கூட அவள் கேட்காத ஒரு வாழ்க்கையை எழுத மறுத்தவர் அவர். அவரை வைத்துத்தான் ஊர் இப்படி எழுதியது.

அந்த இரங்கல் கவிதையில் இன்னொரு சின்ன எழுத்துக் குறிப்பு உண்டு. ஆசிரியர் யார் என்று தேடி வந்தவர்களுக்கு அது தேவைப்படாது. நான் அதற்காகத் திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

1862-ஆம் ஆண்டுக் கோடை. இரண்டு ஆண்டு முன்புதான் பெய்ஜிங்குக்குள் அந்நியப் படை புகுந்து கோடைக்கால அரண்மனையைக் கொளுத்தியிருந்தது. தைச்சிங் தோழியைப் பார்க்கப் போகிறார். பேச்சுக்கு நடுவே ஷான்பாவ் திடீரென்று, அக்கா, உன் அன்புக்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பேன் என்று கேட்கிறார். அக்கா தங்கைக்குள் திருப்பிக் கொடுப்பது என்ன பேச்சு என்கிறார் தைச்சிங். அடுத்த பிறவியிலும் நாம் இரண்டு பேரும் இன்றைக்கு இருப்பது போலவே இருந்தால் போதும் என்கிறார். அடுத்த பிறவி மட்டும்தானா, பிறவிதோறும் உன்னோடு உடன்பிறப்பாக இருப்பேன் என்கிறார் ஷான்பாவ். அப்படியானால் வாக்கு நிலைத்தது என்கிறார் தைச்சிங்.

கண்ணீரைத் திருப்பிக் கொடுக்கப் பிறந்த செடியின் கதைக்கு முன்னுரை எழுதியவர், கடனும் வாக்கும் வெவ்வேறு என்று அதில் வாதாடியவர், அடுத்த ஆண்டு கடனைப் பற்றிக் கேட்டு, ஒரு வாக்கோடு எழுந்திருக்கிறார். அதைத் தைச்சிங் நான்கைந்து வரிச் சின்ன எழுத்தில் குறித்துவைத்தார். அதற்குப் பெரிய எழுத்தில் நான் பெயர் எதுவும் வைக்கப் போவதில்லை.

ஏறக்குறையப் பத்து நாளில் ஷான்பாவ் இறந்துபோனார். நாவல் அச்சுக்குப் போக இன்னும் பதினைந்து ஆண்டு ஆனது. 1877-இல் அது வெளிவந்தபோது தைச்சிங்கின் வயது எழுபத்தெட்டு; அதே ஆண்டு அவரும் போய்ச் சேர்ந்தார். புத்தகத்தின் முன்பக்கத்தில் மேற்கு ஏரியின் சோம்பேறி மனிதர் எழுதிய முன்னுரை, 1861 தேதியோடு, அப்படியே இருந்தது.